ஹுன்னஸ்கிரியவில் ஒரு கசினோ

கண்டியிலிருந்து மஹியங்கனை வீதியில் ஏறினால் ஹுன்னஸ்கிரிய. மீமுரேக்குப் போகிறவர்கள் இங்கேதான் திரும்ப வேண்டும். மழை உண்டு, மூடுபனி உண்டு, கசினோ மட்டும் கிடையாது. ஆனால் இந்தப் பக்கத்து விடுதியொன்றின் இணையத்தளத்தைத் திறந்தால் அறை வாடகைக்குப் பதிலாகச் சூதாட்ட அழைப்புத்தான் வரும். மருமகன் வேர்ட்பிரஸில் தளம் போட்டுக் கொடுத்துவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டார். கடவுச்சொல்லும் அவரோடு விமானம் ஏறிவிட்டது. புதுப்பிக்காத செருகுநிரலின் ஓட்டை வழியே எவரோ புகுந்து கடை விரித்துவிட்டார்.

பாவம், விடுதிக்காரரை மட்டும் சொல்வானேன்? 2016 ஓகஸ்டில் ஜனாதிபதியின் இணையத்தளத்துக்குள்ளேயே ஆள் புகுந்தது. உயர்தரப் பரீட்சையை ஏப்ரலில் வைக்காதீர்கள் என்று ஒரு கோரிக்கை. கூடவே, நாட்டு இணையத்தளங்களின் பாதுகாப்பையும் கவனியுங்கள் என்று ஓர் அறிவுரை. கைதானவர், இதே கண்டி மாவட்டத்துக் கடுகண்ணாவையைச் சேர்ந்த 17 வயது மாணவர். ஆலோசகர் கட்டணம் அரசுக்கு மிச்சம்.

அறிவுரையை நன்றாகத்தான் கேட்டார்கள். 2023இல் கப்பம் கேட்கும் வைரஸ் அரச மின்னஞ்சல் சேவையைப் பிடித்தபோது அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அந்த ஆண்டு ஏப்ரலிலேயே மைக்ரோசொப்ட் அதைக் கைகழுவியிருந்தது. புதுப்பிக்கப் பணம் போதவில்லையாம். சுமார் 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் போனவை போனவைதான். அந்த நாட்களுக்குக் காப்புப் பிரதி இல்லை. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம்.