சீசன் தம்பதி

ஆனி, ஆடி மாதங்களில் சொந்தக் காரில் குற்றாலத்துக்கு வந்து இறங்கும் நடுத்தர வயதுக் கணவன் மனைவியரைச் சீசன் தம்பதி என்ற ஒரே இனத்தில் அடக்குவதில் தவறில்லை. ஏனெனில் சென்னையிலிருந்து வந்தாலும் கோவையிலிருந்து வந்தாலும் காரின் பின்கண்ணாடியோரம் ஒரே மாதிரி ஈரத்துண்டு காய்கிறது, முன்னிருக்கைகளுக்கு நடுவே ஒரே வழக்கு நடக்கிறது. சீசன் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தென்காசி வட்டாரத்தில் ஒரே பொருள்தான் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்ட வேண்டியதைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியே இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கும்போது சிதறவிடும் பூந்தூறலைச் சாரல் என்பர். சாரல் அடித்து, மலைமேல் பெய்த மழை அருவிகளில் இறங்கி, விடுதி வாடகை ஏறுமானால் அதுவே சீசன்.

இவர்களுடைய பயணம் காரில் தொடங்குவதில்லை, தொலைபேசியில் தொடங்குகிறது. பைம்பொழில் என்ற பழம்பெயரின் வழிவந்து, உள்ளூரார் வாயில் பம்புளி என்று சுருங்கிவிட்ட பண்பொழியில், மனைவிக்குச் சித்தப்பா முறையாகும் ஒருவர் இருப்பார். ஆண்டில் பத்து மாதம் அவரை யாரும் நினைப்பதில்லை. மே மாதக் கடைசியில் திடீரென்று அழைப்பு வரும், உடம்பு எப்படி, மாடு கன்று எப்படி என்பதெல்லாம் பிறகு, முதற்கேள்வி “தண்ணி விழுதா சித்தப்பா?” என்பதே. அவரும் வாசலுக்கு வந்து மேற்கே மலையில் மேகம் மூடியிருப்பதைப் பார்த்து, “விழும் போலத்தான் இருக்கு, எப்பம் வாரீய?” என்பார். இந்த ஒரு வாக்கியத்தை நம்பி 600 கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

காரில் ஊர் சுற்றும் தம்பதியருக்கு முன்மாதிரியாகக் காட்டத்தக்க நாடு பிரான்சு. அங்கே 1936இல் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பு சட்டமானபின், பாரிசின் மூட்டத்திலிருந்து தெற்கே, சூரியகாந்தி வயல்களையும் மத்தியதரைக் கடலோரச் சிற்றூர்களையும் நோக்கி வெயில் தேடிப் போவது பெருவழக்கமாயிற்று. சீசன் தம்பதியும் தெற்கு நோக்கித்தான் வருகின்றனர், ஆனால் வெயிலுக்குத் தப்பி. அந்நாட்டில் டயர் செய்த மிச்லின் சகோதரர்கள், வண்டி ஓடினால்தானே டயர் தேயும் என்ற நல்லெண்ணத்தோடு 1900இல் வழிகாட்டி நூலொன்றை இலவசமாகக் கொடுத்து, 1926 முதல் உணவகங்களுக்கு நட்சத்திரமும் சூட்டத் தொடங்கினர். பிரானூர் பரோட்டாவுக்கு நட்சத்திரம் தேவைப்படவில்லை, ‘பார்டர்’ என்ற சொல்லே போதுமானதாயிற்று. செங்கோட்டை 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழ்நாட்டோடு சேரும்வரை மலையாள நாட்டு ஆட்சியில் இருந்ததால், அதற்கும் தென்காசிக்கும் இடையே பிரானூரில் எல்லை இருந்தது. எல்லை அழிந்து எழுபது ஆண்டு நெருங்கியும், நாட்டுக்கோழிக் குழம்போடு பரோட்டா அதை அன்றாடம் காத்து வருகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கும்வரை கார் அமைதியாகவே வரும். இராசபாளையம் தாண்டி, வலப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே ஓடிவரத் தொடங்கியதும் மனைவியின் பேச்சு மெல்ல மாறுகிறது. சென்னையில் ‘எப்போ’ என்றவர் புளியங்குடியில் ‘எப்பம்’ என்கிறார், கடையநல்லூரில் ‘வருகிறார்கள்’ என்பது ‘வாராவ’ ஆகிவிடுகிறது. இருபது ஆண்டு உடன் வாழ்ந்த கணவர், பக்கத்தில் வேறு யாரோ ஏறிக்கொண்டதைப் போலத் திரும்பிப் பார்க்கிறார். ஆயினும் அவருடைய நம்பிக்கை கைபேசி வரைபடத்தின் மீதே. அது தென்னந்தோப்புக்குள் ஓர் ஒற்றையடிப் பாதையைக் காட்டி, இடப்புறம் திரும்புக என்று நயமாகச் சொல்லும். “அந்தா டீக்கடையில நிக்காவல்லா, அந்த அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா கொறஞ்சா போயிருவீங்க?” என்பது மனைவி தரப்பு வாதம்.

இறுதியில் கண்ணாடி இறங்குகிறது. டீக்கடை அண்ணாச்சி, “நேரா மேக்க போங்க சார், குளத்துக்கரையில வடக்க திரும்புங்க” என்கிறார். நெல்லைச் சீமையில் இடம், வலம் என்பவை கைகளுக்கு மட்டுமே உரியவை. வழிக்கும், வீட்டுக்கும், பந்தியில் நகர்ந்து உட்காருவதற்கும் திசைதான் கணக்கு. கணவர் திசையறியச் சூரியனைத் தேடி வானத்தைப் பார்க்கிறார். சாரல் பொழுதில் சூரியன் ஏது? துடைப்பான் இரண்டு முறை அசைந்து ஓய்ந்தபின் அண்ணாச்சியே இரங்கி, “மலை நிக்கிற பக்கம் மேக்கு சார்” என்று, பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லித் தருகிறார்.

குற்றாலப் பேரருவியில் வெள்ளம் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. ஆர்ச் என்பது அருவியடியில் பாதுகாப்புக்காகக் கட்டிய வளைவு. நீரின் அளவுகோலாகவும் அதுவே விளங்குகிறது. தண்ணீர் குறைந்தால் ‘நூல் மாதிரி விழுது’ என்ற குறை, மிகுந்தால் தடை. இவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள சில மணி நேரத்தைப் பிடிக்கவே பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று கார் சுழல்கிறது. பிடித்த பிறகும் தம்பதியர் சேர்ந்து குளிப்பதில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடம் வேறு என்பது ஒருபுறமிருக்க, இரண்டு கைபேசி, கார்ச் சாவி, மூக்குக் கண்ணாடி, தாலிச் சங்கிலி ஆகிய உடைமைகளுக்கு ஒருவர் காவல் நின்றாக வேண்டும். காவல் நிற்பவரின் கையிலுள்ள நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தை ஒரு குரங்கு நெடுநேரம் கவனித்துவிட்டு, கண்ணாடியைத் துடைக்கக் குனியும் அந்தக் கணத்தில் வாங்கிக்கொள்கிறது. உள்ளே நிற்கக் கிடைப்பது நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடம் மட்டும், தலையில் அருவி இடித்து வேறெதுவும் காதில் விழாதபோது, இருவர் முகத்திலும் ஏழு வயதுக் குழந்தையின் முகம் வந்து போவதை மறைக்க முடிவதில்லை.

மறுநாள் நிகழ்ச்சிகள் விரைவானவை. பண்பொழித் திருமலைக் குமாரசாமி கோயிலுக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் உண்டு. படியேறுவதுதான் முறை என்று அடிவாரத்தில் அழுத்தமாகச் சொல்லிவிட்டுக் கணவர் காரை மலைப்பாதையில் ஏற்றுகிறார். உச்சியில் காற்று வேட்டியைப் பறிக்க, கீழே வயலும் தென்னையும் குளமுமாக விரிவதைப் பார்த்து, அசப்பில் வெளிநாடு மாதிரியே இருக்கிறது என்று பாராட்டுகிறார். உடன் வந்த சித்தப்பா தம் வீட்டுக் கூரையைத் தேடிக்கொண்டிருக்கிறார். மாலையில் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல். முற்றிய சூரியகாந்தி கிழக்கு நோக்கியே நிற்கும் என்ற தாவரவியல் செய்தி முன்கூட்டித் தெரியாததால், மேற்கு வரப்பில் நின்று எடுத்த படத்தில் மனைவி சிரிக்க, பின்னணியில் ஆயிரம் பூக்கள் முதுகைக் காட்டுகின்றன. கடல் பார்க்காமல் பயணம் நிறையாது என்று சிலர் திருச்செந்தூர் வரை இறங்கி, அதற்கும் தெற்கே மணப்பாட்டு மணல்மேட்டுத் திருச்சிலுவைக் கோயிலையும் பார்த்துத் திரும்புவதுண்டு. அங்கே வெயில் பிரெஞ்சுக்காரர் பொறாமைப்படும் அளவுக்குக் கிடைக்கும்; தம்பதி காரைவிட்டு இறங்குவதில்லை.

சென்னை சேர்ந்த இரவே, துண்டின் ஈரம் முழுதும் உலராத நிலையில், பண்பொழிக்கு அழைப்புப் போகிறது. வந்து சேர்ந்த செய்தியைச் சொல்லிவிட்டு, “இப்பம் தண்ணி எப்படி சித்தப்பா?” என்று மனைவி கேட்கிறார். நேற்று ராத்திரியிலிருந்து பிரமாதமாக விழுவதாகவும், கூட்டமே இல்லை என்றும் அவர் சொல்கிறார். அவரே கடைசியாக எப்போது குளித்தார் என்று எந்த ஆண்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், நாலு வருசம் இருக்கும் என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லியிருப்பார். அழைப்பு முடிந்ததும் கணவர் எழுந்து போய் நாட்காட்டியில் அடுத்த வெள்ளிக்கிழமை என்ன தேதி என்று பார்க்கிறார்.