குஸ்காவும் லெந்து நாட்களும்

வனாந்தரத்தில் நாற்பது நாள் பசித்திருந்த இயேசுவிடம் சாத்தான் கல்லைக் காட்டி அப்பமாக்கச் சொன்னான். ஆம்பூரை அவன் பார்த்ததில்லை போலும். பார்த்திருந்தால் கல், அப்பம் என்று மெனக்கெட்டிருக்க மாட்டான். பகல் பதினொன்றரை மணிக்கு, பெங்களூரு நெடுஞ்சாலை ஓரமாக, தம் போட்ட தேக்சாவின் மூடியைக் கொஞ்சமாகத் தூக்கியிருப்பான். அவ்வளவுதான்.

எனக்கு வீடு வேலூர், வேலை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. ஸ்கடர் குடும்பத்தார் 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷன் வழிவந்த சபை எங்களுடையது. லெந்து காலத்தில் வீட்டில் கறி எடுப்பதில்லை. வேலூரில் இது பெரிய காரியமில்லை. ஆம்பூரில்தான் சோதனை. ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், சீரகச் சம்பா, விறகடுப்பு, மூடிமேல் தணல், பக்கத்தில் எண்ணெய்க் கத்தரிக்காய். தோல் ஷாப்புகளின் வாடையையே ஜெயித்துக்கொண்டு வரும் மணம் அது, மனுஷன் எம்மாத்திரம்? வெறும் பயற்றங்கூழுக்கே சேஷ்டபுத்திரபாகத்தை விற்றவன் ஏசா. அவனை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டிருந்தால் ஈசாக்கின் கூடாரம், ஆடு, மாடு எதுவும் மிஞ்சியிருக்காது.

2022 மே மாதம் மாவட்ட நிர்வாகமே இங்கே பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சி பிரியாணி உண்டா இல்லையா என்று கிளம்பிய தகராறுக்குப் பிறகு, மழையைக் காரணம் சொல்லித் தள்ளிவைத்தார்கள். அரசாங்கத்துக்கே கைசுட்ட விஷயம் இது.

கம்பெனியில் லுத்தரன் சபை அண்ணன் ஒருவர் எனக்கு நல்வழி காட்டினார்.

"தம்பி, குஸ்கால கறி ஏதுப்பா? வெறும் சோறுதானே!"

"கறியோடதானேண்ணே வெந்துச்சு?"

"வெந்தது அது செஞ்ச கிரியை. கிரியையைப் பாக்காதே."

"அடியில ஒரு துண்டு வந்துட்டா?"

"அது கிருபை."

மார்ட்டின் லூத்தர் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருந்தால் ஐரோப்பாவில் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

எங்கள் சபைக்காரர்களும் சளைத்தவர்களில்லை. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள்வரை எண்ணினால் 46 நாள் வரும். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள், அதில் உபவாசம் கூடாது என்பது பழைய திருச்சபை ஒழுங்கு. சபை வரலாற்றில் வேறு எதுவும் தெரியாதவர்கள்கூட இதை மட்டும் ஆராதனை முடிந்து கறிக்கடை வரிசையில் நிற்கும்போது தெளிவாக விளக்குவார்கள்.

2025இல் ரமலான் நோன்பும் சாம்பல் புதனும் ஒரே வாரத்தில் வந்தன. பக்கத்து மேஜை பாய் விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணனும் நானும் வயிறு முட்டத் தயிர்சாதம் தின்றுவிட்டு குஸ்காவின் இறையியலை அலசுவோம். பாய் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாயங்காலம் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி மட்டும் தருவார். அதில் கைமா மிதக்கும். அன்போடு வந்ததைத் தட்டினால் அது பெருமை. பெருமை கறியைவிடப் பெரிய பாவம் என்று அண்ணன் உடனே தீர்ப்புச் சொல்லி, வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். இந்த ஒரு தீர்ப்பு மட்டும் சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

மற்றபடி, சோதனையோடு வாதாடி ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை. வேதத்தை நம்மைவிட நன்றாக மனப்பாடம் செய்தவன் சாத்தான். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவிடமே வசனம் பேசியவன். யோசேப்பைப் பாருங்கள். போத்திபாரின் மனைவி வஸ்திரத்தைப் பிடித்து இழுத்தபோது அவன் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை, வஸ்திரத்தை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினான். 'சும்மா கடைவாசல்வரை போய் மனசைச் சோதித்துப் பார்க்கிறேன்' என்கிறவர் பார்சல் இல்லாமல் திரும்புவதில்லை.

ஆகவே லெந்து காலத்தில் வேலூரிலிருந்து பெங்களூருக்குப் போகும் விசுவாசிகளே, காரை வீட்டிலேயே விட்டுவிட்டு காட்பாடியில் வந்தே பாரத் ஏறுங்கள். அது ஆம்பூரில் நிற்பதில்லை; ஜன்னலும் திறக்காது.