வரியீற்றுப் புணர்ச்சி: ஒரு முன்னாய்வு

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைப் பற்றித் தமிழில் முறையான ஆராய்ச்சி இல்லை. 'வாழ்த்துகளா, வாழ்த்துக்களா' வழக்கு இன்னும் தீராததால் நம் புலவர்களுக்கு நேரம் வாய்க்கவில்லை போலும். அக்குறையை இக்கட்டுரை நீக்கும்.

ஒரே கிட் ஃபோல்டரை விண்டோஸிலும் லினக்ஸிலும் மாறிமாறித் திறப்போர்க்கு வரும் கேடுகள் மூன்று.

முதலாவது, பெயர் மயக்கம். பெரிய எழுத்து 'ரீட்மீ'யும் சிறிய எழுத்து 'ரீட்மீ'யும் லினக்ஸுக்கு இரு கோப்புகள்; விண்டோஸுக்கு ஒன்றே.

இரண்டாவது, பெயர் விலக்கு. விண்டோஸில் கோப்புக்கு 'ஆக்ஸ்' என்று பெயர் வைக்கலாகாது. ஏன் என்று கேட்கவும் ஆகாது.

மூன்றாவது, வரியீறு. ஒரு கமாவைத் திருத்திவிட்டு டிஃப் பார்த்தால் கோப்பு முழுதும் சிவப்பு, மறுபடி முழுதும் பச்சை. இரண்டுக்கும் வேற்றுமை பூதக்கண்ணாடிக்கும் புலப்படாது. என்னை? வரி முடியுமிடத்தில் விண்டோஸ் இரண்டு எழுத்து இடும்: 13ஆம் எண் சிஆர், 10ஆம் எண் எல்எஃப். லினக்ஸ் பின்னதை மட்டும் இடும். இவ்விரண்டு எழுத்தும் பழைய அச்சடி எந்திரத்தின் வழக்கு: 1960களின் டெலிடைப் மாடல் 33 நொடிக்கு 10 எழுத்து அடித்தது. அச்சுத்தலையை இடக்கோடிக்கு இழுக்க ஓர் எழுத்து, தாளை ஏற்ற ஓர் எழுத்து. தலை ஓடிவந்து சேரவும் அந்த இரண்டெழுத்து அவகாசம் வேண்டியிருந்தது. எந்திரம் மூலைக்குப் போயிற்று. மூச்சு வாங்கல் மட்டும் நம் கோப்புகளில் நின்றுவிட்டது.

இனி இலக்கணம். நிலைவரியும் வருவரியும் கூடுமிடத்து விகாரம் மூன்று. கிட்டில் 'ஆட்டோசிஆர்எல்எஃப்' ட்ரூ ஆனால், கோப்பு வெளிவருகையில் சிஆர் தோன்றல். கமிட் செய்கையில் கெடுதல். இன்புட் ஆனால் கெடுதல் மட்டும். ஃபால்ஸ் ஆனால் இயல்புப் புணர்ச்சி. திரிதலுக்குக் காட்டு மேக்: 9ஆம் பதிப்புவரை சிஆர் மட்டும் இட்டது, 2001இல் பத்தாம் பதிப்பில் எல்எஃபாகத் திரிந்தது. தோன்றக்கூடாத இடத்தில் தோன்றலும் உண்டு. ஸ்கிரிப்டின் முதல் வரியில் 'பாஷ்' என்பதன் வாலில் சிஆர் ஒட்டினால், லினக்ஸ், உலகில் இல்லாத ஒரு பாஷைத் தேடி அலையும்.

சிஆர் ஒற்றா, சாரியையா? ஒற்றே என்பார் விண்டோஸ் வழி உரைகாரர் (பெயர் இருந்த ஏடு கிழிந்தது). சாரியை என்பார் லினக்ஸ் வழியார் (கிழித்தவர் இவரே என்பது என் துணிபு). இருவரையும் மறுக்கும் மூன்றாமவர், தம் சுவடியின் 13ஆம் ஏட்டில் தொடங்கி 10ஆம் ஏட்டில் முடிக்கிறார். இடையே ஏடு எதுவும் இல்லை. அந்த வெற்றிடத்துக்கு நான் எழுதிய பேருரை அச்சில் உள்ளது.

'கிட்ஆட்ரிப்யூட்ஸ்' கோப்பில் 'டெக்ஸ்ட்=ஆட்டோ', 'ஈஓஎல்=எல்எஃப்' என ஒரே வரி எழுதினால் இரு பக்கமும் ஒன்றாகிவிடும் என்று சில இளைஞர் கூறுவர். செய்து பார்த்தேன், ஆகிவிடுகிறது. ஆயினும் அவ்வரியை ஏற்றால் என் பேருரையின் இரண்டாம் தொகுதிக்குப் பொருள் இராது. ஆகவே அது இடைச்செருகல்.