மேன்மை தங்கிய மெஷின் அவர்களுக்கு

ஐயா,

முறைப்படி இந்தக் கடிதத்தைக் கிளை மேலாளருக்குத்தான் எழுதியிருக்க வேண்டும். நேரில் பேசிப் பார்த்ததில், அந்தக் கிளையில் அவருக்கு அதிகாரம் எதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டது. “மெஷின் எடுக்கலை சார், நான் என்ன பண்ணட்டும்?” என்றார். கவுண்டரிலும் அதே பதில். டீ கொண்டுவந்த பையன்கூட என் கையிலிருந்த செக்கைப் பார்த்து, “மெஷின் எடுக்கலையா?” என்று துக்கம் விசாரித்தான். ஆகவே முடிவெடுக்கும் இடத்துக்கே எழுதுகிறேன். கவுண்டர் மூலையில், ஒயர் தொங்க வீற்றிருக்கும் செக் ஸ்கேனராகிய தங்களுக்கு.

அடியேன் ஓர் அடுக்ககச் சங்கத்தின் பொருளாளர். பணியில் இருந்த காலத்தில் வேறொரு வங்கியின் க்ளியரிங் பிரிவில், என்கோடரில் தொகை அடித்துத் தேய்ந்த விரல்கள் என்னுடையவை. தங்கள் குலம் கோத்திரம் ஓரளவு தெரியும்.

விஷயம் இதுதான். மூன்றாம் மாடிக்காரர் கொடுத்த பராமரிப்புக் கட்டண செக். அடியில் உள்ள மைக்கர் வரியில் 23 இலக்கங்கள்: செக் எண் 6, ஊர்-வங்கி-கிளையைச் சொல்லும் எண் 9, அடுத்து 6, கடைசியில் 2. இருபத்திரண்டைத் தாங்கள் பிழையின்றிப் படித்தீர்கள். ஒன்றுக்கு மட்டும் திரையில் கேள்விக்குறி போட்டீர்கள். ஊர் எண்ணின் நடு இலக்கம். ஊர் எண் என்பது பின்கோடின் முதல் மூன்று இலக்கம், அதாவது சென்னைக்கு 600. சென்னைக் கிளையில் உட்கார்ந்துகொண்டு, 6-க்கும் 0-க்கும் நடுவில் என்ன வரும் என்று தெரியாமல் செக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள் தங்கள் ஊழியர்கள். “கையெழுத்து நம்பர் மேல பட்டிருக்கு சார், புது செக் வாங்கிட்டு வாங்க.”

பட்டது உண்மை. கையெழுத்தின் வால் கடைசி இலக்கத்தைத் தொட்டிருந்தது. கேள்விக்குறி விழுந்ததோ அங்கிருந்து இரண்டு அங்குலம் இடப்பக்கம் தள்ளி.

தங்கள் பிறப்பு ரகசியத்தைத் தங்களுக்கே யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. 1950-களில் பேங்க் ஆஃப் அமெரிக்காவுக்காக ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தார் உழைத்துக் கண்ட வித்தை இந்த மைக்கர். கையெழுத்து விழும், முத்திரை விழும், வாடிக்கையாளர் காபி சிந்துவார் என்று தெரிந்தேதான் மையில் இரும்பு ஆக்சைடைக் கலந்தார்கள். தாள் உள்ளே போனதும் முதலில் அந்த மைக்குக் காந்தம் ஏற்றப்படும். பிறகு படிக்கும் தலை அதை உணரும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனி அலை வடிவம். அதற்காகத்தான் அந்த எண்கள் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து, கோணல்மாணலாக இருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், தாங்கள் பார்த்துப் படிப்பவரல்ல, தடவிப் படிப்பவர். பால்பாயின்ட் மை தங்கள் விரலுக்குத் தட்டுப்படவே படாது. (கேமராவும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் புது வாரிசுகள் வந்துவிட்டன என்பதை அறிவேன். அவர்களுக்கும் அந்த வால் இரண்டு அங்குலம் நீளாது.)

தட்டுப்பட்டது எது என்று நான் பார்த்தேன். கவுண்டரில் சலானின் தலையையும் செக்கின் காலையும் சேர்த்து, சரியாக நடுவில், ‘டக்’கென்று ஸ்டேப்ளர் அடித்தார்கள். பிறகு தங்களிடம் கொடுக்கும் முன் நகத்தால் பிடுங்கினார்கள். பின்னின் ஒரு கால் இறங்கிய துளை, அந்த நடுப் பூஜ்யத்தின் தடித்த பக்கத்தில். செக்கின் அடியோரம் 16 மில்லிமீட்டர் பட்டையை யாரும் தொடக்கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதிய அறிவிப்பு கவுண்டர் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது, ஸ்டேப்ளருக்கு நேர் மேலே.

என் வற்புறுத்தலின் பேரில் அதே செக்கை மறுபடி மறுபடி போட்டார்கள். கேள்விக்குறி அதே இடத்தில். அப்படியென்றால் குற்றம் தாளில், தாங்கள் நிரபராதி. ஆனால் எனக்குப் பின்னால் நின்றவரின் செக்கில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இலக்கம் காணாமல் போயிற்று. மன்னிக்கவும், அது தங்கள் தலையில் உள்ள அழுக்கு. ரோலரில் தூசி இருந்து தாள் சாய்ந்தும் போயிருக்கலாம். அதற்கென்றே இருக்கும் க்ளீனிங் கார்டு, பிரிக்காத பாக்கெட்டில் தங்கள் பக்கத்திலேயே கிடக்கிறது, மேலே டீ டம்ளர் வைத்த வட்டத்தோடு. அவருக்கும் அதே தீர்ப்புதான்: புது செக்.

எங்கள் காலத்தில் செக்குகள் கட்டுக் கட்டாகப் பயணம் போயின. 2008-ல் டெல்லியிலும் 2011-ல் சென்னையிலும் படம் மட்டும் போனால் போதும் என்றானது. 2025 அக்டோபர் 4 முதல், வரும் செக்கை வர வர அனுப்பிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. சில மணி நேரத்தில் பாஸாக வேண்டிய செக், தங்கள் வாயிலேயே நிற்கிறது. இத்தனைக்கும் படிக்காத இலக்கத்தை மனிதர் பார்த்துத் தட்டச்சு செய்யவும், அப்படித் திருத்தியதைக் குறித்து அனுப்பவும் மென்பொருளில் வழி இருக்கிறது.

எனவே தாங்கள் கருணை கூர்ந்து, தங்கள் ஊழியர்கள் தம் சொந்தக் கண்களைப் பயன்படுத்த அனுமதி வழங்க வேண்டும். முதல் கட்டமாக ஒரு பூஜ்யம் அடிக்கும் அளவுக்காவது. ஸ்டேப்ளரை வேறு கிளைக்கு இடமாற்றம் செய்தாலும் நன்று.

பதில் எழுதும் சிரமம் வேண்டாம். தங்களுக்குத் தெரிந்தவை 10 இலக்கங்களும் 4 குறிகளும்தான், அவற்றில் ‘சரி’ என்று எழுத முடியாது. மேலாளரிடம் சொல்லி அனுப்பினால் போதும். தங்கள் பேச்சை அவர் தட்டியதே இல்லை.

இப்படிக்கு,
பணிவுள்ள பொருளாளர்