டோக்கியோவுக்கு டிக்கெட் எடுக்குமுன்

கேள்வி: பிளஸ் டூவில் வணிகவியல் படிக்கிறாள் என் மகள். பிசினஸையும் ஜப்பானிய மொழியையும் சேர்த்துப் படிக்க, ஜப்பானில் முதலிடத்தில் இருக்கும் பல்கலைக்கழகம் எது?
— ஓசூர் வாசகி

பதில்: யாருக்கு முதலிடம், அம்மா? தரவரிசை போடுகிறவர்கள் ஆய்வுக் கட்டுரைகளை எண்ணுகிறார்கள். நான்கு வருடம் கழித்து உங்கள் மகள் ஒசாக்காவில் ஒரு கொள்முதல் அதிகாரியிடம் விலை பேசி ஜெயிப்பாளா என்பது அந்தப் பட்டியலில் இருக்காது. அதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மொழி வகுப்பு? மூன்றாம் ஆண்டிலாவது கணக்கியலையும் சந்தைப்படுத்தலையும் ஜப்பானிய மொழியிலேயே படிக்க வழி உண்டா? அங்கே படித்த வெளிநாட்டுப் பிள்ளைகள் எந்தெந்த நிறுவனங்களில் சேர்ந்தார்கள்? இவற்றுக்கு மழுப்பாமல் பதில் தருகிற இடம்தான் உங்கள் வீட்டுக்கு முதலிடம்.

வணிகக் கல்வியில் பழம்பெருமை ஹிதோத்சுபாஷி பல்கலைக்கழகத்துக்கு உண்டு. 1875இல் மோரி அரினோரி தொடங்கிய சின்ன வணிகப் பள்ளி அது. அதைத் தாங்கி வளர்த்தவர்களில் ஒருவரான ஷிபுசாவா எய்இச்சியின் முகம், 2024 முதல் 10,000 யென் நோட்டில் இருக்கிறது. கோபே பல்கலைக்கழகமும் 1902இல் உயர் வணிகப் பள்ளியாகப் பிறந்ததுதான். ஆனால் இரண்டிலும் இளநிலை வகுப்புகள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் நடப்பவை. ஆங்கிலத்தில் தொடங்கி ஜப்பானிய மொழிக்கு நகர வேண்டுமென்றால், பெப்பு நகரில் 2000இல் திறந்த ரிட்சுமெய்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டினர். ஆங்கில வழியில் சேர்ந்தவர்களுக்கு ஜப்பானிய மொழி கட்டாயம். அந்தக் கட்டாயத்துக்காகவே எனக்கு அந்த இடத்தைப் பிடிக்கும்.

கேள்வி: முழுப் படிப்பையும் ஆங்கிலத்திலேயே முடிக்கலாமாமே! பிறகு எதற்கு மொழியோடு மல்லுக்கட்ட வேண்டும்?
— மதுரை வாசகர்

பதில்: பட்டம் ஆங்கிலத்தில் கிடைக்கும், தம்பி. வேலைக்கான நேர்காணல் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில்தான் நடக்கும். ஜப்பானில் படிப்பு முடிந்த பிறகு வேலை தேடுகிற பழக்கம் கிடையாது. பெரிய நிறுவனங்களின் வழக்கமான கால அட்டவணையில், மூன்றாம் ஆண்டு முடியும் மார்ச் மாதத்தில் நிறுவனங்கள் கடை விரிக்கின்றன. ஜூனில் தேர்வு தொடங்கும். அக்டோபரில் முறையான வேலை உறுதி, அடுத்த ஏப்ரலில் எல்லோரும் ஒரே நாளில் பணியில் சேர்வார்கள். பல நிறுவனங்கள் இதற்கும் முன்பே ஆள் பிடிக்கத் தொடங்கிவிடுகின்றன. ஆக, மொழிக்கு உங்களுக்கு நான்கு வருடம் இருப்பதாக நினைக்காதீர்கள். மூன்று வருடம்கூட முழுசாக இல்லை. நேர்காணலில் உங்களைப் பற்றியும் அந்த நிறுவனத்தைப் பற்றியும் தடுமாறாமல் பேச வேண்டும். கட்டாய வகுப்பு மட்டும் படித்தவர்களால் அது முடியாது. விருப்பப் பாடங்களையும் மொழியிலேயே எடுத்துக் குவியுங்கள்.

கேள்வி: ஜே.எல்.பி.டி. எனும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் உச்ச நிலையான என்1 வாங்கிவிட்டால் போதும் என்கிறார் பயிற்சி ஆசிரியர். சரியா?
— கோவை வாசகி

பதில்: வாங்குங்கள், கொண்டாடுங்கள். ஆனால் அந்தத் தேர்வில் பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது. எல்லாமே விடையைத் தேர்ந்தெடுத்துக் குறிப்பதுதான். வணிகச் சூழலுக்கென்றே பி.ஜே.டி. என்று 800 மதிப்பெண் தேர்வு ஒன்று இருக்கிறது. அதையும் குறிவையுங்கள்.

உண்மையான சோதனை அலுவலகத் தொலைபேசி அடிக்கும்போது வரும். நம் ஊரில் வெளியாள் கேட்டால் “எம்.டி. சார் மீட்டிங்ல இருக்காங்க” என்போம். ஜப்பானில், வெளியாளிடம் பேசும்போது தன் நிறுவனத்துத் தலைவரின் பெயரோடு மரியாதை ஒட்டைச் சேர்க்கவே கூடாது. அவரையும் நம்மோடு சேர்த்துத் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டும். எதிர்முனையில் இருப்பவரை உயர்த்த வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்யலாம், நாக்குக்கு வராது. எந்தப் பல்கலைக்கழகம் நிறுவனங்களில் உள்ளகப் பயிற்சிக்கு அனுப்புகிறதோ அங்கேதான் வரும்.

கேள்வி: செலவு?
— சிவகாசி வாசகர்

பதில்: ஒரே சொல்லில் கேட்டுவிட்டீர்கள், ஐயா, கணக்கு கொஞ்சம் நீளம். தேசியப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணத்தின் பொது அளவு 5,35,800 யென், சேர்க்கைக் கட்டணம் 2,82,000 யென். டோக்கியோ பல்கலைக்கழகம் 2025இல் சேர்ந்த இளநிலை மாணவர்களிலிருந்து ஆண்டுக் கட்டணத்தை 6,42,960 யென் ஆக்கிவிட்டது. தனியாரில் இதைவிட அதிகம். ஆனால் கட்டணச் சலுகை தருகிற இடங்கள் உண்டு, விண்ணப்பத்தோடு சேர்த்தே அதைக் கேளுங்கள். அனுமதி பெற்று வாரம் 28 மணி நேரம் வரை பகுதிநேர வேலை பார்க்கலாம். அந்தச் சம்பளத்தைச் சாப்பாட்டுக்கு நம்பலாம், கட்டணத்துக்கு நம்பிப் பிள்ளையை விமானம் ஏற்றாதீர்கள். படிக்கிற நேரம்தான் பலியாகும்.

ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்கு முயலுங்கள். இளநிலைக்குக் கட்டணம் இல்லை, மாதச் செலவுக்குப் பணம், முதல் ஒரு வருடம் மொழிப் பயிற்சி. போட்டி கடுமை. விண்ணப்பிக்கச் செலவில்லை என்பதால் தயங்கவும் வேண்டாம்.

கேள்வி: தமிழருக்கு ஜப்பானிய மொழி எளிது என்பது நிஜமா?
— திருச்சி வாசகர்

பதில்: வாக்கிய அமைப்பில் நிஜம். வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். தமிழில் யோசித்தபடியே அடுக்கலாம். பிறகு அன்றாடப் பயன்பாட்டுக்கான 2,136 கான்ஜி எழுத்துகள் வரிசையில் நிற்கும். அங்கே தமிழ் கைகொடுக்காது, தினசரிப் பயிற்சிதான்.

கேள்வி: இங்கேயே பி.காம். படித்துக்கொண்டு மொழி கற்றால் பிழையா?
— காஞ்சிபுரம் வாசகி

பதில்: பிழையே இல்லை. பணம் இடிக்கிற குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சென்னையில் ஏ.பி.கே. ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் மையம் மொழி கற்றுத்தருகிறது, ஜே.எல்.பி.டி. தேர்வும் சென்னையிலேயே எழுதலாம். உங்கள் மாவட்டத்திலேயே வல்லம் வடகாலில் யமஹா தொழிற்சாலை இருக்கிறது. பட்டத்தோடு மொழியும் தெரிந்த ஆளுக்கு இத்தகைய நிறுவனங்களில் மதிப்புண்டு. கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு முதுநிலைக்கு ஜப்பான் போகிறவர், என்ன படிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகிறார்.

கேள்வி: என் மகனுக்கு அனிமே பார்த்துத்தான் இந்த ஆசை. நம்பி அனுப்பலாமா?
— சேலம் வாசகி

பதில்: ஆசை எங்கிருந்து வந்தால் என்ன, அம்மா, வந்ததே! ஆனால் அனிமே நாயகர்கள் பேசுவதை மேலதிகாரியிடம் பேசினால் மறுநாள் வேறு வேலை தேட வேண்டியிருக்கும். டிசம்பர் ஜே.எல்.பி.டி. தேர்வில் தொடக்க நிலையான என்5 எழுதச் சொல்லுங்கள். நீங்கள் விரட்டாமல் அவனாகவே உட்கார்ந்து படித்தால், ஜூலையில் என்4. அதற்குள் மூன்று பல்கலைக்கழகங்களுக்கு அவனே கடிதம் எழுதி, முதல் பதிலில் நான் சொன்ன கேள்விகளுக்கு விடை வாங்கட்டும். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.