அம்பத்தூர் வட்டார லேன் கிளிப் உடைவு: ஓர் எட்டடுக்கு ஆய்வு

நூலின் எல்லை சொல்லாமல் தொடங்குவது பாயிர மரபுக்கு ஒவ்வாது. வடக்கே புழல் ஏரி, தெற்கே பூந்தமல்லி, கிழக்கே பாடி மேம்பாலம், மேற்கே பட்டாபிராம். இவற்றுக்கு இடைப்பட்ட நிலமே இவ்வாய்வின் களம். பொருள், லேன் வயர் முனையில் இருக்கும் கண்ணாடி நிறக் கனெக்டர்; அதிலும் அதன் முதுகில் துருத்திக்கொண்டிருக்கும் கிளிப். இதை 'லாக்' என்று வழங்கும் சாராரும் உண்டு. அவர்களோடு எமக்குப் பிணக்கில்லை.

களத்தின் பெருமையை முதலில் நிறுவவேண்டும். 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளும் மோல்டிங் கூடங்களும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஜன்னலே இல்லாத டேட்டா சென்டர்கள் எழும்பியிருக்கின்றன. டிஜிட்டல் கனெக்ஷன் நிறுவனத்தின் எம்ஏஏ10 என்ற கட்டடம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. இத்தகைய கூடங்களில் சுவிட்சுகளின் முகத்தில் வரிசையாகச் செருகப்படுபவை விரல் நீளமே உள்ள உலோகப் பெட்டிகள். அவற்றில் கியூஎஸ்எஃப்பி-டிடி என்ற வகை, நொடிக்கு 400 கிகாபிட் கடத்தும். மின்சாரத்தை நிறுத்தாமலே உருவலாம், செருகலாம். உருவுவதற்கென்றே ஒரு பட்டை தொங்கும். வயரைப் பிடித்து யாரும் இழுப்பதில்லை. செருகாத துளைக்குத் தூசி மூடி உண்டு. அந்தப் பெட்டியினுள் ஓடும் தடங்கள் எட்டு.

எட்டு என்ற எண்ணைக் கவனிக்கவும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002இல் கடலடியில் போடப்பட்ட ஐ2ஐ கேபிளில் இழை இணைகள் எட்டு. வீட்டு லேன் வயரில் கம்பிகள் எட்டு. தொல்காப்பியர் சொன்ன வேற்றுமை, விளியையும் சேர்த்து எட்டு, மெய்ப்பாடும் எட்டு. இதைத் தற்செயல் என்று தள்ளுவது சோம்பேறி ஆய்வாளர் வழக்கம். நாமோ இதன்மேல் ஒரு கோட்பாடே கட்டப்போகிறோம்.

கனெக்டர் அடிக்கும் சடங்கை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தம்பி ஒருவர் வாசற்படியில் குந்தி, சாம்பல் நிற உறையைச் சீவி, முறுக்கியிருக்கும் நான்கு ஜோடிகளைப் பிரிக்கிறார். அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக்கூடாது. முறுக்கு இருந்தால்தான் பக்கத்து ஜோடியின் இரைச்சல் இதில் ஏறாது. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே விரலால் நீவித் தட்டையாக்குகிறார். எண்சீர் விருத்தம்தான்; ஒரு சீர் புரண்டாலும் தளை தட்டும். 100 மெகாபிட் இணைப்புக்கு ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு ஆகிய நாற்சீர் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். வேகம் திடீரென்று பத்தில் ஒன்றாகக் குறைந்தால், மற்ற நான்கில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். நுனியை ஒரே நேராக வெட்டி, கனெக்டருக்குள் தள்ளி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்: எட்டு செம்புப் புள்ளிகள். கிரிம்பிங் டூலில் வைத்து ஓர் அழுத்து. போர்ட்டில் செருகினால் 'டிக்'.

உடைவின் காரணத்துக்கு வருவோம். தங்கம் பூசிய அந்த எட்டுத் தகடுகள் 750 முறை செருகி உருவினாலும் தாங்கவேண்டும் என்கிறது சர்வதேசத் தரம். எம் களத்தில் கிளிப் போவது செருகும்போது அல்ல. வீடு மாற்றும்போதோ பெயின்ட் அடிக்கும்போதோ ஜன்னல் ஓட்டை வழியாக வயரைப் பின்பக்கமாக இழுக்கிறார்கள். முன்னே போகையில் பணிந்து படுத்த கிளிப், பின்னே வருகையில் கம்பியில் மாட்டி நிமிர்கிறது. இன்னும் ஓர் இழுப்பு, முடிந்தது. இதைத் தடுக்க ரப்பர் உறை என்று ஒன்று உண்டு. அதைக் களத்தில் பார்த்தவர் அரிது.

விளைவுகளை மெய்ப்பாட்டியல் வழியே வகுக்கலாம். வரிசை வீட்டுக்கு வீடு மாறும். ரௌட்டரில் பச்சை விளக்கு அணைந்ததும் மருட்கை. ஆபீஸ் மீட்டிங் நடுவில் முகம் உறைந்ததால் அச்சம். கார்ட்டூன் நின்ற குழந்தைக்கு அழுகை. 'பத்தே நிமிஷம் சார், வந்துட்டேன்' என்று ஆபரேட்டர் மூன்றாம் முறை சொல்லக் கேட்டு வெகுளி. எதிர்வீட்டில் வைஃபை பாஸ்வேர்டு கேட்கப் போவது இளிவரல். கொடுக்கும் அவர்களுக்கு நகை. பெரியவர் எழுந்து எதையோ மடித்துச் செருகுகையில் பெருமிதம். விளக்கு எரிந்தால் உவகை.

பெரியவர் எதைச் செருகினார் என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். செல்லோடேப் பள்ளியினர் ஒட்டுவர். வெயிலில் பசை இளகும். ரௌட்டரைச் சுவரோடு நெருக்கி வைத்து வயரைத் தாங்கச் செய்வோர் உளர். வீடு கூட்டும்வரை நிற்கும். பிளாஸ்டிக் டேகை வெட்டிக் கிளிப்பாகவே வைப்பவர் நுண்ணறிவாளர், எனினும் சிறுபான்மையினர். பெரும்பான்மைக் கொள்கை மடித்த பஸ் டிக்கெட். மூன்று முறை மடித்தால் எட்டு அடுக்கு. எம் கோட்பாடு இங்கே நிறைவுபெறுகிறது.

டிக்கெட் எங்கிருந்து? 2021 முதல் சாதாரணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாச் சீட்டு தருகிறார்கள். சிங்கப்பூரிலிருந்து கடலடியில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்து, தொழிற்பேட்டையில் 400 கிகாபிட் பெட்டிக்குள் புகுந்து புறப்பட்ட தரவு, அம்பத்தூர் ஓ.டி. வீட்டில் அந்த விலையில்லாச் சீட்டின் தயவில் இறங்குகிறது. கனெக்டரையே மாற்றிவிடலாமே என்று தம்பி சொல்லத்தான் செய்கிறார். "வேணாம்பா, இப்ப வருதுல்ல, விடு" என்பதே வட்டாரத் தீர்ப்பு.

தடை: வைஃபை யுகத்தில் லேன் வயர் எதற்கு? விடை: வைஃபை வரும் பெட்டியின் பின்னால் கையை விட்டுப் பார்க்க. பல தெருக்களில் ஃபைபர் வீட்டுக்குள் வந்துவிட்டது, அதன் பச்சைக் கனெக்டர் வேறு இனம் என்பதும் உண்மையே. ஆனால் அது நுழையும் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் இடையே பல வீடுகளில் இன்னும் ஒரு முழ லேன் வயர் கிடக்கிறது. முழமானாலும் முனை இரண்டு; ஆகவே கிளிப்பும் இரண்டு.

களம் இப்போது ஒரு நெருக்கடியில் இருக்கிறது. கருவியில் அடித்துத் தரும் புதுச் சீட்டு வழவழப்பானது. எட்டாக மடித்தாலும் நழுவுகிறது. போதாக்குறைக்கு 2025இல் 'சென்னை ஒன்' செயலி வந்து, டிக்கெட் போனுக்குள் போய்விட்டது. போனில் டிக்கெட் எடுக்க நெட் வேண்டும். நெட்டுக்கு டிக்கெட் வேண்டும். மின் கட்டண ரசீது, கல்யாணப் பத்திரிகையின் ஓரம் ஆகியவற்றைக் கொண்டு சோதனை நடந்துவருகிறது. பத்திரிகை அட்டை இரண்டு மடிப்பிலேயே போர்ட்டை அடைத்துவிடுகிறது.