பச்சை அட்டைக்கு ஒரு பாராட்டுரை

சட்டைக் கழுத்தில் தொங்கும் பச்சை அட்டை செய்கிற நன்மையை வேறு எதுவும் இந்த நூற்றாண்டில் செய்துவிடவில்லை. காந்தியார் ராட்டை சுற்றினார், கதருக்காக ஊர் ஊராகப் போனார். பாவம், அட்டை ஒன்றை அச்சடித்துத் தொங்கவிட்டால் போதும் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.

அண்மையில் ஒரு பெரிய கடையில் டி-ஷர்ட் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பழுப்புத் தாளில் அட்டை, சணல் கயிறு, இரண்டு இலை. 'மூங்கில் துணி, பூமிக்கு இதம்' என்று கொட்டை எழுத்து. உள்பக்கம் விலாத் தையலில் ஒளிந்திருந்த வெள்ளை நாடாவில், மூக்குக் கண்ணாடி போட்டால்தான் தெரிகிற அளவில்: விஸ்கோஸ் 95%, எலாஸ்டேன் 5%. எல்லாவற்றுக்கும் மேலே பத்திரமாக ஒரு பிளாஸ்டிக் உறை. என்ன அடக்கம்! செய்ததை உள்ளே மறைத்துவிட்டு, செய்யாததை மட்டும்தான் வெளியே சொல்லியிருந்தார்கள்.

மூங்கிலை விஸ்கோஸ் ஆக்குவது லேசுப்பட்ட காரியமா? கூழாக்கி, காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டு, கார்பன் டைசல்பைடு சேர்த்துக் கரைத்து, அமிலத் தொட்டிக்குள் இழையாக இழுக்க வேண்டும். அந்தக் கார்பன் டைசல்பைடு ஆலைத் தொழிலாளியின் நரம்பைப் பதம்பார்க்கும் என்பது நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த சங்கதி. இத்தனையிலும் முங்கி எழுந்த பிறகு மூங்கிலின் பெயர் மட்டும் கீறல் விழாமல் கடைவரை வந்துசேர்கிறதே, அதற்கே ஒரு விருது தரலாம். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்துக்கு ரசனை போதவில்லை. விஸ்கோஸ் என்கிற ரேயானை மூங்கில் என்று விற்றதற்காக 2022இல் வால்மார்ட், கோல்ஸ் இரண்டையும் சேர்த்து 55 லட்சம் டாலர் கட்டவைத்தது. கற்பனைக்கு அபராதம் போடுகிற நாடு!

மறுசுழற்சி பாலியஸ்டரின் தத்துவம் இன்னும் ஆழமானது. தண்ணீர் பாட்டில் மறுபடி மறுபடி பாட்டிலாகவே பிறந்துகொண்டிருக்க முடியும். அந்தப் பிறவிச் சுழலை அறுத்து, சட்டையாக்கி, குப்பைமேட்டில் முக்தி அளிக்கிறார்கள். போகிற வழியில் ஒவ்வொரு சலவையிலும் நுண்ணிழைகளை உதிர்த்து மீன்களுக்கும் பிரசாதம்.

இயற்கைப் பருத்தியை விட்டுவிடலாமா? அதற்கான சான்றுத் தரத்தை வகுக்கிற காட்ஸ் (GOTS) அமைப்பு, இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்று இருந்ததை 2020இல் கண்டுபிடித்தது. உரம் வேண்டாம், பூச்சிமருந்து வேண்டாம், நிலம்கூட வேண்டாம்; ஒரு பிரின்டர் போதும். மண்ணுக்கு இதைவிடக் கேடில்லாத வேளாண்மை உண்டா?

நம் திருப்பூருக்கு வருவோம். நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று கட்டிய அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. சாயப்பட்டறைக் கழிவு வந்து தேங்கித் தேங்கி, 'தயவுசெய்து தண்ணியத் தொறந்து விட்றாதீங்க' என்று விவசாயிகளே மன்றாடுகிற அணையாக அது ஆனது. தண்ணீர் கேட்டு மறியல் நடக்கிற நாட்டில் விவசாயியை 'போதும்' என்று சொல்லவைத்த பெருமை பனியனுக்கே சேரும். 2011 ஜனவரியில், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாமல் சுத்திகரிக்கும்வரை சாயப்பட்டறைகளை மூடிவைக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அதன் பிறகு சுத்திகரிப்பு நிலையம், ஆவியாக்கும் எந்திரம், கரன்ட் பில், கடைசியில் மிஞ்சுகிற உப்பு மூட்டைகள் எல்லாம் பட்டறைக்காரர் தலையில். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரின் பெருந்தன்மை வேறு ரகம். சுத்திகரிப்பு நிலையத்தைச் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்து ஆண்டறிக்கையில் போடுவார். விலை பேச உட்கார்ந்ததும் பங்களாதேஷ் ரேட்டை எடுத்துவைப்பார். ஆறு திருப்பூருக்கு, பேர் அவருக்கு. நியாயமான பங்கீடுதான்.

அதே ஊரில் கட்டிங் வேஸ்டை லாரிப் பட்டறைக்காரர்கள் கை துடைக்க வாங்கிப்போவதும், மிச்சத்தைப் பஞ்சாகப் பிரித்து மறுபடி நூலாக்குவதும் காலங்காலமாக நடக்கிற தொழில். அட்டை தொங்காத காலத்தில் அது வெறும் வேஸ்ட் வியாபாரம். பையரின் பிரசென்டேஷனில் ஏறிய அன்றுதான் புரட்சியானது.

விற்காமல் போனதை என்ன செய்வார்கள் என்று கவலைப்பட வேண்டாம். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், ஆல்டோ ஒஸ்பிசியோ ஊரை ஒட்டி, டேக்கூடக் கழற்றாத உடைகள் குவியல் குவியலாகக் கொட்டப்பட்டன. புல்லும் முளைக்காத பூமிக்கு இத்தனை வண்ணம் யார் கொடுப்பார்கள்?

ஆகவே, வாசகர்களே, ஒரே சட்டையை ஐந்து வருடம் துவைத்துத் துவைத்து, பொத்தான் விழுந்தால் தைத்து, நைந்ததும் தலையணை உறையாக்கி, அதுவும் கிழிந்தால் கரித்துணியாக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். அப்படி வாழ்கிறவர்களுக்கு எந்த நிறுவனமும் சான்றிதழ் தருவதில்லை. பூமியைக் காக்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால், இந்த வாரமே கடைக்குப் போய்ப் பச்சை அட்டை தொங்குகிறதாகப் பார்த்து நாலு சட்டை வாங்குங்கள். மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்.